ஐந்து வெள்ளி வைத்தியம், அறுபது வெள்ளி வழி

விடியற்காலை நான்கே முக்கால். கிள்ளானில் எங்கள் தாமானில் அந்த நேரத்தில் விளக்கெரியும் வீடுகள் இரண்டு வகை. துறைமுகத்தில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் வீடு ஒன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரித் தேதி உள்ள வீடு மற்றொன்று. ஆறு ஆண்டுகள் எங்கள் வீடு இரண்டாவது வகையில் இருந்தது.

அம்மாவுக்கு இருதய அறுவை நடந்தது கோலாலம்பூரில், ஒரு பெரிய அரசு மருத்துவமனையில். அறுவை செய்த இடத்தில்தான் தொடர்ந்து பார்ப்பார்கள். பிறகு சர்க்கரை, கண், பிசியோதெரபி என்று ஒவ்வொன்றாக அங்கேயே சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் ஐந்தேகாலுக்குக் காடியைக் கிளப்பிவிட வேண்டும். ஆறு மணியைத் தாண்டினால் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாமைக் கடப்பதற்குள் வெயில் வந்துவிடும். பின்னால் மடக்கிய சக்கர நாற்காலி, முன்னிருக்கையில் அம்மா, அவர் மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட தேதி அட்டை. வீடு திரும்பும்போது பிற்பகல் மூன்றாகியிருக்கும்.

அந்த நாட்களில் மருத்துவமனைக் கவுண்டரில் நாங்கள் கொடுத்த தொகை ஐந்து வெள்ளியைத் தாண்டியதில்லை. பெட்ரோல், டோல், காடி நிறுத்தும் கட்டணம், இருவருக்கும் பசியாறல், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து அறுபது வெள்ளிக்குக் குறைந்ததும் இல்லை. எடுத்த விடுப்பு தனி. காடி பட்டறையில் கிடந்த நாட்களில் கிராப் பிடித்துப் போய்வந்ததில் நூறு வெள்ளி கரைந்தது. வைத்தியம் ஐந்து வெள்ளி, வழி அறுபது வெள்ளி. இதைச் சொன்னால் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதியவர்களை வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் ஆச்சரியப்படாது.

நம் நாட்டு அரசு மருத்துவம் உலகின் பல பணக்கார நாடுகள் பொறாமைப்படத்தக்கது. வெளிநோயாளர் பதிவுக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவை ஆறு ஆண்டுகள் கூடுதலாக எங்களோடு வைத்திருந்தது அந்த ஐந்து வெள்ளிதான். நான் கேட்பது அதன் மறுபக்கத்தை. மருத்துவமனை வாசலுக்கு உள்ளே ஆகும் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. வாசலுக்கு வெளியே ஆகும் செலவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, வருமான வரிப் படிவம் உட்பட.

ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் நாம் நிரப்பும் பிஇ படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மருத்துவச் சிகிச்சை, சிறப்புத் தேவைகள், பராமரிப்பாளர் செலவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. 2020 வரை 5,000 வெள்ளியாக இருந்த அதன் வரம்பு, 2021 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 வெள்ளியாக உயர்ந்தது. 2024 அக்டோபர் 18ஆம் நாள் பிரதமரும் நிதியமைச்சருமான டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம், 2025 முதல் தாத்தா பாட்டியையும் அதற்குள் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம், மனமார வரவேற்க வேண்டியது.

ஆனால் அந்த 8,000 வெள்ளியை யாரால் கழித்துக்கொள்ள முடிகிறது? தனியார் மருத்துவமனையில் பெற்றோரைச் சேர்த்து, ஆயிரக்கணக்கில் பில் கட்டி, ரசீது வைத்திருப்பவரால் முடிகிறது. முதியோர் இல்லத்துக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறவரால் முடிகிறது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவரிடம் இருப்பது ஐந்து வெள்ளி ரசீதுகள். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அவை சில நூறைத் தொடாது. அவருடைய உண்மையான செலவான பெட்ரோல், டோல், காடி நிறுத்தம், கிராப் எதுவும் அந்தக் கட்டத்தின் பட்டியலில் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, சொந்த வாழ்க்கைச் செலவையும் குடும்பச் செலவையும் கழிக்கக்கூடாது என்கிறது. தாயை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் செல்வது அந்தக் கணக்கில்தான் போய் விழுகிறது. வார இறுதியில் கடற்கரைக்குப் போய்வருவதும் அதுவும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

பராமரிப்பாளர் என்ற சொல்லைப் பார்த்து ஒரு கணம் எனக்கும் நம்பிக்கை வந்தது. விளக்கக் குறிப்பைப் படித்தபோது அது போய்விட்டது. வரி செலுத்துபவரோ, அவருடைய கணவனோ, மனைவியோ, பிள்ளையோ பராமரிப்பாளராகக் கருதப்பட மாட்டார்கள். இந்தோனேசியாவிலிருந்து ஒருவரை அழைத்து வந்து சம்பளம் கொடுத்தால் கழிவு உண்டு. வேலையைக் குறைத்துக்கொண்டு நாமே பார்த்தால் கிடையாது. சம்பளம் கைமாறாத இடத்தில் செலவும் இல்லை என்று சட்டம் எண்ணுகிறது. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. முதலில் மூத்த மகள் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக்கிக்கொள்கிறாள். அடுத்து வேலையையே விடுகிறாள். அவள் சம்பளம் நின்றபிறகு, காடியின் மாதத் தவணையும் பெட்ரோலும் தம்பியின் தலையில் ஏறுகின்றன.

வண்டிக்கும் வரிக்கழிவுக்கும் ஒத்துவராது என்று யாராவது சொன்னால், நம் சட்டமே அதற்குப் பதில் சொல்லும். மின்சாரக் காடி வைத்திருப்பவர் தம் வீட்டில் மின்னூட்டக் கருவி பொருத்தினால் 2,500 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். இது 2027 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அலுவல் காரணமாகப் பயணம் செய்யும் ஊழியருக்கு நிறுவனம் தரும் பெட்ரோல், டோல் படியில் ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு வரி கிடையாது. தொற்றுக்காலத்தில் உள்நாட்டுச் சுற்றுலாவை ஊக்குவிக்க, தங்கும் விடுதிக்கும் நுழைவுச்சீட்டுக்கும் 1,000 வெள்ளி வரை கழிவு தந்தார்கள். 2020 முதல் 2022 வரை அது நடப்பில் இருந்தது. அரசு ஊழியர்கள் கிலோமீட்டர் கணக்கில் மைலேஜ் கிளேம் போடுகிறார்கள். ஆக, பெட்ரோலையும் டோலையும் கிலோமீட்டரையும் எண்ணத் தெரிந்த நிர்வாகம்தான் இது. முதலாளிக்காக ஓட்டியதை எண்ணுகிறது, தாய்க்காக ஓட்டியதை எண்ணவில்லை.

இந்தத் தூரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா மலாயன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் போதும். மழை நின்றால் சிலர் நடந்தே போய்விடுவார்கள். ரயில்வேயின் பழைய தண்டவாளத் திடலில் கோலாலம்பூர் சென்ட்ரல் எழுந்து 2001இல் திறக்கப்பட்டது. குவாட்டர்ஸ் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. சிலர் பூச்சோங், சிலர் ரவாங், எங்களைப் போன்றவர்கள் கிள்ளான். 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தபோது, அந்தத் தெருவில் வளர்ந்தவர்களில் பலர் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து அதைச் செய்தித்தாளில் படித்தார்கள்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களின் கதையும் இதுதான். கிள்ளானைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் டிரெஸர் ஒருவர் இருந்தார், சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, அவசரத்துக்குத் தோட்ட லாரி இருந்தது. வசதி குறைவுதான், கொடுமைகளும் உண்டு. அந்தக் காலத்தை நான் புகழவில்லை. ஆனால் நோயாளியை ஏற்றிப் போவது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளான பிறகு, லயத்தில் இருந்தவர்கள் லிப்ட் இல்லாத நான்கு மாடி பிளாட்டுகளுக்கு வந்தார்கள். அன்று பால் மரம் வெட்டிய கால்களுக்கு இன்று எழுபது வயது. நான்காவது மாடியிலிருந்து அந்தக் கால்களைக் கீழே இறக்கவே இரண்டு ஆள் வேண்டும். அதற்குப் பிறகுதான் காடி.

ரயில் இருக்கிறதே என்பார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கேடிஎம் கொம்யூட்டர் இருக்கிறது, மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணமும் இருக்கிறது. தனியாக நடக்க முடிந்தவருக்கு அது வரப்பிரசாதம். சக்கர நாற்காலியில் இருப்பவரை, நிலையம் வரை ஒரு வண்டி, நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு இன்னொரு வண்டி என்று மாற்றி ஏற்றி, எட்டு மணி எண்ணைப் பிடித்துப் பாருங்கள். ஒருமுறை செய்தோம். மறுமுறை செய்யவில்லை.

மிகப் பெரிய சுமை டயாலிசிஸ். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே மிக அதிகம். சிறுநீரகம் பழுதாவதற்கு முதன்மைக் காரணம் இந்த நீரிழிவுதான். ரத்தச் சுத்திகரிப்பு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 தடவை. தீபாவளி, தைப்பூசம், கல்யாணம், கருமாதி எதற்காகவும் ஒத்திப்போட முடியாத தேதி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிள்ளானுக்குள்ளேயே, வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் டயாலிசிஸ் மையம் என்று வைத்துக்கொள்வோம். கொண்டுபோய் விட வேண்டும், வீடு திரும்ப வேண்டும், நான்கு மணி நேரம் கழித்துப் போய் அழைத்து வர வேண்டும். ஒரு நாளில் 32 கிலோமீட்டர். ஆண்டில் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். புக்கிட் காயு ஈத்தாம் எல்லையிலிருந்து ஜோகூர் பாரு வரை நீளும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை மூன்று தடவை போய்வந்தாலும் இந்தத் தூரம் தீராது. சொந்த ஊருக்குள், ஒரே ரோட்டில், ஒரே ஆளுக்காக ஓட்டிய தூரம் இது. காடி இல்லாத வீடென்றால் கிராப். ஒரு வழிக்கு 12 வெள்ளி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3,744 வெள்ளி. டயாலிசிஸ் கட்டணத்தை சொக்சோவோ ஒரு தொண்டு அமைப்போ ஏற்றுக்கொண்ட வீடுகளிலும் இந்தப் பணம் கையிலிருந்துதான் போகிறது.

இங்கே சட்டத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் ஒன்று உண்டு. உடற்குறையுள்ள குடும்பத்தினருக்கான அடிப்படை உதவிக் கருவிகளுக்கு 6,000 வெள்ளி வரை கழிவு இருக்கிறது. சக்கர நாற்காலி அதில் அடங்கும், செயற்கைக் கால் அடங்கும், காது கேட்கும் கருவி அடங்கும். டயாலிசிஸ் இயந்திரமும் அடங்கும். அதாவது இயந்திரத்தை வாங்கி வீட்டில் வைத்தால் கழிவு. இயந்திரம் இருக்கும் இடத்துக்கு ஆண்டில் 156 முறை அப்பாவைத் தூக்கிச் சென்றால் ஒன்றுமில்லை. டயாலிசிஸ் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கி வைத்திருக்கும் வீடு எத்தனை என்று நம் வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள்.

உறவு முறையிலும் சட்டத்தின் பார்வை நம் வீட்டைவிடக் குறுகலாக இருக்கிறது. பெற்றோர் கழிவு என்பது பெற்ற தாய் தந்தைக்கும், சட்டப்படி தத்தெடுத்தவர்களுக்கும், இப்போது தாத்தா பாட்டிக்கும். மாமனார், மாமியார் அதில் வருவதில்லை. மாமியாரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் செல்லும் மருமகள்களை நான் தினமும் பார்க்கிறேன். கணவன் சிங்கப்பூரில் வேலை செய்வான், அல்லது இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருப்பான். உடன்பிறந்தவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகத்துக்கு அருகே ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். தம்பியைக் கைபிடித்து வந்து விட்டுப் போகும் அக்காக்கள் இருக்கிறார்கள். பெற்றோர் மறைந்தபின் அந்தத் தம்பிக்கு அவர்தான் தாய். வரிப் படிவத்தில் மட்டும் அவர் யாருமில்லை.

இவ்வளவுக்கும், ரசீது கேட்காமல் பிள்ளைகளை நம்பிய ஒரு காலம் நம் வரிச் சட்டத்திலேயே இருந்தது. 2016 முதல் 2020 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில், மருத்துவச் செலவைக் கோராத பிள்ளைகள் தாய்க்கு 1,500 வெள்ளி, தந்தைக்கு 1,500 வெள்ளி என்று பராமரிப்புக் கழிவு எடுத்துக்கொள்ள முடிந்தது. பெற்றோருக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும், அவர்களுடைய ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. அண்ணன் தம்பிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். பில் வேண்டாம், டாக்டர் கடிதம் வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு அலைகிற குடும்பங்களுக்கு உண்மையில் உதவியது அதுதான். 2020ஓடு அது முடிந்தது. அடுத்த ஆண்டே மருத்துவச் செலவு வரம்பு 8,000 ஆனது. பெரிய ரசீது உள்ளவருக்கு வாசல் அகலமானது, ரசீதே இல்லாதவருக்கு இருந்த சின்ன வாசல் அடைபட்டது. இந்த மாற்றத்தை எதிர்த்து நம் தரப்பிலிருந்து பெரிய குரல் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. தொற்றுக்காலம், எல்லோரும் வேறு பயத்தில் இருந்தோம்.

பிள்ளைகளுக்கான கழிவோடு இதை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 2,000 வெள்ளி கழித்துக்கொள்கிறோம். பால் மாவுக்கு ரசீது எங்கே, பள்ளிக்கு ஓட்டிச் சென்றதற்கு டோல் சீட்டு எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. பிள்ளை என்று ஒன்று இருந்தால் செலவு இருக்கும் என்று சட்டம் நம்புகிறது. நடக்க முடியாத தாய் என்று ஒருவர் இருந்தாலும் செலவு இருக்கும் என்று அதே சட்டம் நம்பலாம். சிங்கப்பூர் அப்படித்தான் செய்கிறது: முதிய பெற்றோரை உடன் வைத்துப் பார்த்தால் 9,000 சிங்கப்பூர் வெள்ளி, தனி வீட்டில் வைத்துப் பார்த்தால் 5,500. ரசீதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பயணத்தையே நேரடியாக எண்ணும் நாடுகளும் இருக்கின்றன. கனடாவில் ஒரு வழி 40 கிலோமீட்டருக்குக் குறையாத மருத்துவப் பயணத்தை மருத்துவச் செலவில் சேர்க்கலாம். தனியாகப் போக இயலாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் துணைக்குப் போகிறவரின் செலவும் சேரும். அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுக்கு மைலுக்கு 21 சென்ட், அதோடு டோலும் காடி நிறுத்தமும். ஆனால் மொத்த மருத்துவச் செலவு வருமானத்தில் 7.5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அங்கே பலன் உண்டு. அதனால் சாதாரணச் சம்பளக்காரர் பலருக்கு அது ஏட்டில் இருக்கும் உரிமை மட்டுமே. அந்த வழியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது ஒருவர் கோபப்பட்டார். "பெத்த தாயைக் கூட்டிட்டுப் போறதுக்குக் கவர்மெண்டுகிட்ட கணக்குக் கேக்கறதா? அது நம்ம கடமை இல்லையா?" என்றார். அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். கடமைதான். யாரும் கூலிக்காக அந்த வேலையைச் செய்யவில்லை. நாளைக்குக் கழிவு வந்தாலும் வராவிட்டாலும் காலை ஐந்தேகாலுக்குக் காடி கிளம்பத்தான் செய்யும். ஆனால் அதே கடமையில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் ஒவ்வொரு முதியவரும் மருத்துவமனையில் ஒரு கட்டிலைக் காலியாக விடுகிறார், அரசு முதியோர் இல்லத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடுகிறார். தேதி தவறாமல் அழைத்துச் செல்லப்படும் சர்க்கரை நோயாளியின் கால் காப்பாற்றப்படுகிறது. தேதி தவறினால் என்ன ஆகும் என்பதை எந்த அரசு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். 2030இல் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஏற்றிப் போக அரசிடம் வண்டி இல்லை. ஏற்றிப் போகப்போவது பிள்ளைகள்தான்.

இனி, எப்படிச் செய்வது என்ற கேள்வி. வெறும் வரிக்கழிவாகக் கேட்டால் அது நியாயமாக இராது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வரிக்கு உட்படும் வருமானம் 35,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு உச்ச விகிதம் 3 விழுக்காடு. அவருக்கு 3,000 வெள்ளிக் கழிவு கொடுத்தால் மிச்சமாவது 90 வெள்ளி. 25 விழுக்காடு கட்டுகிறவருக்கு அதே கழிவு 750 வெள்ளி. ஒரே தூரத்தை ஓட்டிய இருவரில் அதிகம் சம்பாதிக்கிறவருக்கு எட்டு மடங்குக்கும் மேல் போகும். பெரோடுவா மைவியும் மெர்சிடிசும் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன. மைவிக்காரருக்குத்தான் பெட்ரோல் உறைக்கும்.

ஆகவே நான் கேட்பது தள்ளுபடி: கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழியும் தொகை. நம் சட்டத்தில் இது புதிதல்ல. குறைந்த வருமானக்காரருக்கு 400 வெள்ளித் தள்ளுபடி இருக்கிறது, ஜகாத் செலுத்தும் முஸ்லிம்களுக்கு அந்தத் தொகை வரியிலேயே கழிகிறது. அதுபோல், உதவியின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்று மருத்துவர் சான்றளித்த ஒருவரை மருத்துவமனைக்கோ டயாலிசிஸ் மையத்துக்கோ அழைத்துச் சென்ற ஒவ்வொரு வருகைக்கும் 5 வெள்ளி, ஆண்டுக்கு 800 வெள்ளி வரை. நிபுணரைப் பார்க்க அரசு நம்மிடம் வாங்கும் அதே ஐந்து வெள்ளி. டயாலிசிஸ் நோயாளியின் பிள்ளைக்கு இது ஆண்டுக்கு 780 வெள்ளி. அவருடைய பெட்ரோலை இது கிட்டத்தட்ட ஈடுகட்டும். கிராப் பிடிப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கையாவது தாங்கும். ஓட்டுகிறவர் பிள்ளையா, மருமகளா, அக்காவா என்று சட்டம் கேட்கக்கூடாது. ஒரு நோயாளிக்கு ஓராண்டில் ஒருவர் அல்லது பங்கிட்டுக்கொண்ட சிலர் என்று பதிவு செய்தால் போதும்.

வரியே கட்டாத வருமானத்தில் இருப்பவர்களை என்ன செய்வது? கிள்ளானிலும் காப்பாரிலும் இந்தச் சுமையை அதிகம் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். தள்ளுபடி அவர்களைத் தொடாது. அவர்களுக்கு ரஹ்மா ரொக்க உதவித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் அரசிடம் இருக்கிறது. அதே 5 வெள்ளியை அந்த வழியில் சேர்க்கலாம். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சமூகநலத் துறை மாதாந்தர உதவி தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டம் அதை 350இலிருந்து 500 வெள்ளியாக்கியது. அது முற்றிலும் படுத்துவிட்டவர்களுக்கானது. பிடித்தால் நடப்பவர், ஏற்றினால் வருபவர் நிறைய இருக்கிறார்கள். அவர்களை வைத்திருக்கும் ஏழை வீடுகளுக்கு அந்த உதவி கிடையாது.

ஏமாற்றுவார்களே என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருக்கும். இருக்கட்டும். ஆனால் இந்தச் செலவைப் போல் சாட்சி உள்ள செலவு குறைவு. நோயாளி வந்தாரா இல்லையா என்பது மருத்துவமனைப் பதிவில் இருக்கிறது. டயாலிசிஸ் மையத்தில் ஒவ்வோர் அமர்வுக்கும் கையொப்பம் உண்டு. டோல் கடந்த நேரம் டச் அண்ட் கோ கணக்கில் இருக்கிறது, கிராப் ரசீது கைப்பேசியில் இருக்கிறது. பெட்ரோல் மானியத்தை மைகார்டு அட்டையோடும் ஓட்டுநர் உரிமத்தோடும் இணைத்து 2025 செப்டம்பர் இறுதியில் பூடி 95 திட்டத்தைச் சில நாட்களில் நாடு முழுவதும் தொடங்கிக் காட்டிய நிர்வாகத்துக்கு, ஒரு நோயாளியின் வருகைகளை எண்ணிச் சொல்வது கடினமான வேலையாகாது.

அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தேதி அட்டைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை. இந்தக் கட்டுரைக்காக ஒன்றை எடுத்து எண்ணினேன். அவருடைய கடைசி முழு ஆண்டில் 34 முத்திரைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாதியின் சுருக்கொப்பம், தேதி, நேரம். போக வர 80 கிலோமீட்டர் வீதம் அந்த ஓர் அட்டையில் 2,720 கிலோமீட்டர் இருக்கிறது. சாட்சி கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இப்படி ஓர் அட்டை கிடைக்கும்.

அக்டோபரில் மக்களவையில் தாக்கலாகும் வரவு செலவுத் திட்டத்துக்கு நிதியமைச்சு ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்கிறது. வணிகச் சங்கங்கள் எழுதுகின்றன, வீட்டுமனை நிறுவனங்கள் எழுதுகின்றன. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் செல்கிறவர்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. நம் இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்த ஆண்டு அவர்களுக்காக எழுதட்டும். நீங்களும் எழுதுங்கள். உங்கள் வீட்டுத் தேதி அட்டையில் எத்தனை முத்திரை, ஒரு தடவை போய்வர எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதினாலும் போதும். எழுதும்வரை அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள்.